மதுரை வெயிலுக்கு மொட்டை மாடியில் எதைப் போடுவது: தட்டோடா, கூல் டைல்ஸா, வெள்ளை பெயிண்டா, ஷெட்டா?

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் சொந்த வீடு வைத்திருப்பவர்களின் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மொட்டை மாடியில்தான் வந்து நிற்கும். ராத்திரி பத்து மணிக்கும் மாடி அறையில் ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது, சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை அங்கே படுக்கச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது, இதற்கு என்ன செய்யலாம் என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். கொத்தனார் தட்டோடு பதிக்கச் சொல்வார், டைல்ஸ் கடையில் கூல் டைல்ஸ் என்பார்கள், பெயிண்டர் வெள்ளை அடித்தால் போதும் என்பார், வெல்டிங் பட்டறைக்காரர் ஷெட் போட்டுவிட்டால் கவலையே இல்லை என்பார். அவரவர் தொழிலை அவரவர் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் காசு நம்முடையது, அதைப் போட்ட பிறகு இருபது வருஷம் அந்தத் தளத்துக்குக் கீழே படுக்கப்போவதும் நாம்தான். அதனால் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் காலையிலிருந்து வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு அதை உள்பக்கமாக விடுகிறது. வெளியே காற்று ஆறிய பிறகும் அறைக்குள் வேகிறது என்றால் காரணம் இதுதான். வெயிலைத் தளத்தில் படவே விடாமல் மறைப்பது ஷெட், பட்ட வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்புவது வெள்ளை, இறங்குகிற சூட்டை மெதுவாக்குவது தட்டோடு. மூன்றும் வேறு வேறு வேலை. இது தெரியாமல்தான் பலர் தட்டோடு போட்ட பிறகும் ஏன் புழுங்குகிறது என்று கேட்கிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒழுக்கைப் பாருங்கள். மதுரைக்கு மழை அதிகம் கிடைப்பது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில். அப்போது சீலிங்கில் ஓதம் பூத்த வீடு என்றால் சூட்டைப் பற்றிப் பேசுவது அப்புறம்தான். மழைநீர் இறங்கும் குழாயைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டு, கீழே சீலிங்கைப் பாருங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலை, குழாய் இறங்குகிற இடம், டேங்க் நிற்கிற மேடையின் அடி, இந்த மூன்றில்தான் பெரும்பாலும் கசியும். சீலிங் பூச்சு உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது என்றால் மேலே எதைப் போட்டாலும் பிரயோஜனமில்லை, நல்ல இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து தளத்தைச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

சரி, தட்டோடு. தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் சுட்ட மண் ஓடு பதிக்கிற முறை. அந்தக் காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள் கணக்கில் அடிப்பார்கள். சுண்ணாம்பின் பலத்துக்கு 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலைக் கைகாட்டுகிறவர்கள் உண்டு. சுண்ணாம்பு நல்ல சரக்கு என்பதற்கு அது சரியான சாட்சிதான், ஆனால் மகாலுக்குள் இருக்கிற குளிர்ச்சிக்குப் பாதிக் காரணம் அங்குள்ள உயரமும் சுவர் கனமும், பத்தடி உயர அறையில் நமக்கு அது கிடைக்காது. தட்டோட்டின் உண்மையான லாபம் வேறு: தளத்துக்கு நல்ல வாட்டம் கிடைக்கிறது, பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு கொடுத்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், வெயிலும் மழையும் கான்கிரீட்டை நேராகத் தொடாததால் தளம் விரிந்து சுருங்குவதும் வெடிப்பதும் குறையும். ஒழுங்காகச் செய்தால் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

இதில் இரண்டு சங்கடம். ஒன்று பாரம். ஜல்லி, கலவை, ஓடு எல்லாம் சேர்ந்து சதுர அடிக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் ஏறும். புது வீட்டில் அதைக் கணக்கில் வைத்தே தளம் போட்டிருப்பார்கள், பழைய வீட்டில், அதுவும் மரக்கட்டை உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மட்டப்பாவாக இருந்தால், கேட்காமல் ஏற்றவே கூடாது. இரண்டாவது, இப்போது பல இடங்களில் ஜல்லியும் சுண்ணாம்பும் இல்லாமல் வெறும் சிமென்ட் கலவையில் ஓட்டைப் பதித்துவிட்டு அதையும் தட்டோடு என்றே கணக்குப் போடுகிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் சூட்டை மெதுவாக்குகிற அந்த மூன்று அங்குலம் அதில் இல்லை. ஜல்லி கொட்டுகிற அன்றைக்கு மாடியில் நின்று பாருங்கள். நன்றாக வெந்த செங்கல்லா, ஓட்டைப் பதிக்குமுன் தண்ணீரில் ஊறப்போட்டார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஊறாத ஓடு கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டுப் பின்னால் பிடிப்பில்லாமல் கழன்று வரும்.

கூல் டைல்ஸ் என்பது பளிச்சென்ற வெள்ளை டைல்ஸ், வெயிலைத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. மத்தியான வெயிலில் வெறுங்காலோடு நடந்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும், பக்கத்து வீட்டு சிமென்ட் தளத்தில் கால் வைக்க முடியாத நேரத்தில் இதில் நிற்கலாம். வடாம் போட, வற்றல் காயவைக்கச் சுத்தமான இடம். பெயிண்ட் போல மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை செலவு வைக்காது. ஆனால் டைல்ஸ் நல்லதாக இருந்தாலும் நடுவிலுள்ள சந்துகளில்தான் தண்ணீர் இறங்கும். சந்தில் வெறும் வெள்ளை சிமென்ட்டை அடைத்துவிட்டுப் போனால் இரண்டு வெயிலில் முடிக்கோடு விடும், எபாக்ஸி என்கிற பிசின் கலவையைப் போடச் சொல்லுங்கள், செலவானாலும் சரி. கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கொஞ்சம் இடைவெளி விட்டு, இளகுகிற சீலண்ட் வைத்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அக்னி நட்சத்திரத்தில் டைல்ஸ் விரிய இடமில்லாமல் நடுவில் கூடாரம்போல எழும்பி நிற்கும். வழவழப்பான டைல்ஸ் வாங்கவே வாங்காதீர்கள், முதல் மழையில் துணி எடுக்க ஓடுகிற வீட்டம்மா வழுக்கி விழுந்தால் என்ன ஆவது? சொரசொரப்பானதே வேண்டும். எதிர் வீட்டு மாடி ஜன்னலில் கண் கூசும் என்பதும் உண்மை, அதை முன்னாலேயே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

இந்த இரண்டிலும் நான் பார்த்துப் பார்த்து வருத்தப்படுகிற விஷயம், நன்றாக இருக்கிற பழைய தட்டோட்டைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்துவிட்டுக் கூல் டைல்ஸ் பதிப்பது. வில்லாபுரத்தில் சொந்தக்காரர் ஒருவர் அப்படிச் செய்தார். பெயர்க்கும்போது அடித்த அடியில் தளம் அதிர்ந்தது, ஜல்லியோடு பழைய வாட்டமும் போனது, புது டைல்ஸின் கீழே மட்டம் சரியில்லாமல் ஐப்பசி மழையில் நடுமாடியில் தண்ணீர் தேங்கி, அதுவரை ஒழுகாத வீடு ஒழுகியது. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஓடு ஓடாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று இறுக்கமாகக் கேட்டால் அது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொத்தென்று கேட்கிற ஓடுகளை மட்டும் எடுத்து மாற்றி, சந்துகளைப் புதிதாகப் பூசி, அதற்கு மேல் வெள்ளை அடித்துவிட்டால் டைல்ஸ் தருகிற குளிர்ச்சி ஏறக்குறைய வந்துவிடும். ஓடு சிவப்பு, வெயிலை வாங்கத்தான் செய்யும், வாங்கிய சூட்டை ராத்திரிவரை வைத்திருந்து மெதுவாக இறக்கும். அந்தச் சிவப்பு வெள்ளையாகிவிட்டால் வாங்குவதே குறைந்துவிடுகிறது. தட்டோடு தளத்தைக் காக்கட்டும், வெள்ளை வீட்டைக் குளிர்விக்கட்டும், ஒன்றை அழித்து இன்னொன்று எதற்கு?

வெள்ளை என்றதும் பெயிண்ட்தான் வேண்டும் என்றில்லை. கையில் காசு குறைவு என்றால் நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு கை அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் சட்டென்று காய்ந்து பொடிப்பொடியாக உதிரும். ஒரு கோடை தாங்கும், ஐப்பசி மழையில் கரைந்துபோகும், அடுத்த மாசியில் திரும்ப அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயிண்ட் என்று விற்பது இதைவிடக் கெட்டி, ரப்பர் போல இழுபடும், மயிர்க்கோடு வெடிப்புகளையும் மூடும். அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே தூக்கம் வருகிற ஊர் இது. தெலங்கானாவில் 2023-ல் அரசே இதற்கென்று குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. நாலு வழியிலும் செலவு குறைந்ததும் இதுதான், தட்டோட்டுக்கோ டைல்ஸுக்கோ ஆகிற காசில் பல தடவை பெயிண்ட் அடித்துவிடலாம்.

பெயிண்ட்டின் எதிரி இரண்டு, புழுதியும் ஈரமும். மதுரைப் புழுதியில் ஒரே வருஷத்தில் வெள்ளை மங்கி சாம்பலாகும், சாம்பலானால் வெயிலைத் திருப்பி அனுப்பாது, பங்குனியில் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். ஈரத் தளத்தில் அடித்தால் கொப்புளம் கிளம்பி உரிந்து வரும். சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள், உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் இன்னும் சில நாள் வெயில் காயட்டும். மேலே இன்னொரு மாடி கட்டுகிற எண்ணம் இருப்பவர்கள் பெயிண்ட்டைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம், நாளைக்கு உடைக்கப்போகிற இடத்தில் டைல்ஸ் எதற்கு?

ஷெட் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நிழல் என்ற அளவில் அதற்கு ஈடு இல்லை, தளத்தில் வெயிலே படாது. துணி காயப்போடலாம், விசேஷத்துக்குப் பந்தி போடலாம். ஆனால் நாலில் செலவு அதிகம் இதற்குத்தான், நாலு பக்கமும் காற்று ஓடாமல் அடைத்துவிட்டால் தகரத்தின் சூடு கீழேயே தங்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் ஷீட்டின் கனத்தையும் கால்களைத் தளத்தில் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கால் நடுவதற்குத் தளத்தில் துளை போட்டால் அந்தத் துளையே அடுத்த ஒழுக்கு, கைப்பிடிச் சுவருக்குக் கீழே தூண் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். இடம் வேண்டும் என்பவர்களுக்கு ஷெட், சூட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

இவற்றை விட்டுவிட்டு உள்ளே ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சூடு கொஞ்சம் குறையும்தான், ஆனால் மேலே கசிவு ஆரம்பித்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கம்பியைத் தின்றுகொண்டிருக்கும். ஒழுகாது என்று உறுதியான தளத்துக்கு மட்டும் அது.

ரேட் பேசும்போது சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பழையதைச் சுரண்டுவது, வெடிப்பு அடைப்பது, கைப்பிடிச் சுவர் ஓரத்தை வளைத்துப் பூசுவது, இடிபாட்டைக் கீழே இறக்கி அள்ளிக்கொண்டு போவது, இந்த நாலும் அந்த ரேட்டில் சேர்த்தியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையைத் தண்ணீர் கட்டிப் பார்த்த மறுநாள் கொடுப்பதாக வேலை ஆரம்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள். நல்ல கொத்தனார் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.