கடல் தூண்டிலில் உயிர்ப்புழு: கோர்க்க ஊசியா, வெறும் முள்ளா?

கரையில் நின்று கடலுக்குள் தூண்டில் வீசுபவர்கள் உயிர்ப்புழுவைக் கோர்க்க இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். தூண்டில் முள்ளின் முனையைப் புழுவின் வாய்க்குள் நுழைத்து, விரலாலேயே கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுவது ஒன்று. மெல்லிய குழல் ஊசியில் புழுவை முதலில் கோர்த்துக்கொண்டு, அங்கிருந்து முள்ளுக்கு மாற்றுவது இன்னொன்று. நான் முதல் வழியில் ரொம்ப நாள் இருந்துவிட்டு ஊசிக்கு மாறியவன். அதனால் இந்த அலசல் ஊசிப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எளிய விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். வெறும் முள்ளுக்குத் தனிக் கருவி வேண்டாம், கை பழகிவிட்டால் வேலை சட்டென்று முடியும். ஊசி என்றால் கூடுதலாக ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், மணலில் விழுந்தால் தேட வேண்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நேரம் அதிகமாகும். இதிலெல்லாம் வெறும் முள்தான் மேல். ஆனால் இவற்றை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தூண்டிலில் கட்டிய ஈயக் குண்டு கடலடியில் போய் உட்கார்ந்த பிறகு முள்ளில் இருக்கும் புழு எந்த நிலையில் இருக்கிறது?

கையில் பிடித்துப் பார்க்கும்போது இரண்டு விதமாகக் கோர்த்ததும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் வீச்சில்தான் வெளிப்படுகிறது. நூறு, நூற்றைம்பது கிராம் ஈயத்தை ஓங்கி வீசும்போது முதல் இழுப்பிலேயே புழுவின் மேல் பெரிய விசை விழுகிறது. அப்புறம் காற்றில் படபடத்துக்கொண்டே பறக்கிறது. கடைசியில் தண்ணீரின் மேல் அறைந்து விழுகிறது. பிடிப்பு சரியில்லாத புழு இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் நழுவி, முள்ளின் வளைவில் ஒரு உருண்டையாகச் சுருண்டுவிடும். அந்த உருண்டை முள்ளின் முனையை மூடிக்கொள்ளும். மீன் வந்து கடிக்கும், ராடு நுனி ஆடும், இழுத்தால் ஒன்றும் இருக்காது. பலர் இதை மீனின் தந்திரம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் இரை உட்கார்ந்திருக்கும் விதம்தான்.

இது ஏன் நடக்கிறது என்பதற்குப் புழுவின் உடலைப் பார்க்க வேண்டும். இந்தப் புழுக்களுக்கு எலும்பு கிடையாது. உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம்தான் அவற்றை விறைப்பாக வைத்திருக்கிறது. தூண்டிலுக்குப் பெயர்போன இரண்டு வகைகளில், மணலுக்குள் வளை தோண்டி மணலையே விழுங்கி வாழும் லக் புழுவுக்கு நடு உடலில் தடுப்புச் சவ்வுகள் ஏறக்குறைய இல்லை. தண்ணீர் அடைத்த பை மாதிரிதான். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் மொத்தமும் வழிந்து, வெறும் தோல்தான் மிஞ்சும். பக்கவாட்டில் வரிசையாகக் கால் போன்ற மடல்கள் கொண்ட ராக் புழு அப்படியில்லை. அதன் உடல் வளையம் வளையமாகத் தடுக்கப்பட்டிருக்கிறது, தோலும் கெட்டி. ஒரு குத்து பட்டாலும் சமாளிக்கும்.

இப்போது வளைந்த முள்ளை நேரான புழுவுக்குள் ஓட்டுவதை யோசித்துப் பாருங்கள். வளைவைத் தாண்டும்போது முனை பக்கச் சுவரைத் தேடித்தான் போகும். எவ்வளவு பழகிய கையானாலும் ஓரிரு இடத்தில் வெளியே எட்டிப் பார்க்கும், திரும்ப உள்ளே இழுத்துச் செருக வேண்டியிருக்கும். ஒவ்வொரு எட்டிப்பார்ப்பும் ஒரு ஓட்டை. ராக் புழுவில் அது பெரிய நஷ்டமில்லை. லக் புழுவில் அது பாதி இரையையே கைவிரலில் விட்டுவிடுவதற்குச் சமம். மீனை வரவழைப்பதே அந்தச் சாறுதான் என்பதால் அது தண்ணீருக்குள் கசிய வேண்டும், கரையில் வழிந்து வீணாகக் கூடாது.

ஊசி நேராக இருப்பதால் புழுவின் நடுவிலேயே போகிறது. தலைப் பக்கம் நுழைத்து, புழுவை ஊசியின் மேல் மெதுவாக ஏற்ற வேண்டும். தள்ளக் கூடாது, புழு தானாக நெளியும் போக்கிலேயே நகர்த்த வேண்டும். லக் புழுவின் வால் பகுதியில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. அதைக் கிள்ளி எடுத்துவிடலாம், அல்லது அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பிறகு முள்ளின் முனையை ஊசியின் குழல் வாய்க்குள் செருகி, புழுவை அப்படியே முள்ளின் மேல் வழுக்கி, முள்ளின் கண்ணை (நரம்பு கட்டும் துளையை) தாண்டி நரம்பின், அதாவது தூண்டில் இழையின், மேலும் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும். முனை குழலுக்குள் ஒளிந்திருப்பதால் போகும் வழியில் புழுவைக் குத்தாது. கடைசியில் முனை பளிச்சென்று வெளியே தெரிய வேண்டும், புழு நேராகத் தொங்க வேண்டும்.

இதற்கு முள்ளும் ஒத்துழைக்க வேண்டும். மெல்லிய கம்பி, நீளத் தண்டு, வட்ட வளைவு கொண்ட அபர்டீன் முள் புழுவுக்கென்றே பொருத்தமானது. தடித்த கம்பி முள்ளின் முனை குழலுக்குள் நுழையாது, வாங்கும்போதே இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிடுங்கள். தண்டில் சின்னச் சின்ன முட்கள் கீறிய வகையும் உண்டு. இரையைப் பிடித்து நிறுத்தத்தான் அந்தக் கீறல்கள். வெறும் முள்ளால் ராக் புழு கோர்ப்பவருக்கு அது உதவும். ஊசி வழியாக லக் புழுவை அதன் மேல் வழுக்கினால் தோலை உள்ளிருந்து கிழித்துவிடும்.

வெறும் முள்ளுக்கு உரிய மரியாதையையும் கொடுத்துவிட வேண்டும். ராக் புழுவை வைத்து, கிட்டத்தில், கையை மெதுவாகச் சுழற்றி வீசும் இடத்தில் நான் இன்றும் ஊசியை எடுப்பதில்லை. தலைக்குப் பின்னால் லேசாக அழுத்தினால் புழு வாயைத் திறந்து இரண்டு தாடைகளையும் வெளியே நீட்டும். பெரிய புழு என்றால் அந்தத் தாடை விரலைக் கடிக்கும், கவனம். அந்த நேரம் பார்த்து முனையை உள்ளே விட்டு, தண்டு முழுக்க ஏற்றி, வால் இரண்டு விரல்கடை அளவு தனியாகத் தொங்கும்படி விட்டுவிட வேண்டும். அந்த வால் தண்ணீரில் நெளிவதுதான் உயிர்ப்புழுவின் முழுப் பலன். முழு நீளத்துக்கும் ஊசி ஓடிய புழு அந்த அளவுக்கு நெளியாது. ஊசியிலும் வாலை விட்டுக் கோர்க்க முடியும்தான், ஆனால் கிட்ட வீச்சுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

தூர வீச்சுக்கு ஊசி மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கோர்த்த பிறகு புழுவின் மேல்முனையில் மெல்லிய எலாஸ்டிக் நூலைச் சில சுற்று சுற்றிவிட்டால் அது நரம்பிலிருந்து கீழே சரியாது. இறுக்கிச் சுற்றக் கூடாது, நூல் தோலை அறுத்தால் ஊசியால் காப்பாற்றிய சாறு அங்கே போய்விடும். வெறும் முள்ளில் கோர்த்து நிறைய நூல் சுற்றி ஈடுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். புழு முள்ளில் நிற்கும், ஆனால் கட்டுப்போட்ட மூட்டையாகிவிடும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம். ஒரே வகைப் புழு, ஒரே முள். ஒன்றை விரலாலும் இன்னொன்றை ஊசியாலும் கோர்த்து, வழக்கமான முழு வேகத்தில் வீசி, ஈயம் அடியில் உட்கார்ந்ததும் உடனே சுற்றி எடுத்துப் பாருங்கள். புழு நீளமாக நிற்கிறதா, சுருண்டதா, முனை வெளியே தெரிகிறதா என்று பார்த்தால் போதும். என்னை ஊசிக்கு மாற்றியது இந்தச் சோதனைதான்.

ஒரு இடத்தில் மட்டும் என்னால் உறுதியாகப் பேச முடியாது. முனை உள்பக்கம் திரும்பிய வட்ட முள்களில் நான் புழுவை அதிகம் கோர்த்ததில்லை. அவற்றில் முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைக்காமல் வைப்பதுதான் முக்கியம் என்பதால், தலையில் மட்டும் ஒரு முறை குத்தித் தொங்கவிடுவது சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதில் நிறையப் பழக்கம் உள்ளவர் சொல்வதைக் கேட்பது நல்லது.

ஊசிக்கு மாறுகிறவர்கள் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்முனையில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நூலைக் கட்டிவைத்தால் மணலில் விழுந்தாலும் கண்ணில் படும். முனையை ஒரு தக்கையில் குத்திவைத்தால் பைக்குள் கையை விடும்போது குத்தாது. வீட்டுக்கு வந்ததும் குழலுக்குள் நல்ல தண்ணீர் ஊற்றி, மெல்லிய கம்பியை விட்டு மணலையும் சளியையும் எடுத்துவிடுங்கள், காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். ஊசியை நல்ல தண்ணீரில் கழுவலாம், புழுவை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள். கடல்தண்ணீரில் நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி, குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் அடுத்த நாளும் ஊசியில் ஏறும் அளவுக்கு விறைப்பாக இருக்கும்.