ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயரும் முன் ஊர் பார்க்கப் போவது: குடும்பத்தோடா, ஒருவர் மட்டுமா, போகாமலேயா?

வீசா கிடைத்துவிட்டது என்று சொல்லும் கிராண்ட் லெட்டர் வந்த அன்று எல்லோரும் வாட்ஸ்ஆப்பில் ஸ்டேட்டஸ் போடுவதில் மும்முரமாக இருப்போம். அதற்கு முன் அந்தக் கடிதத்தில் தேட வேண்டியது ஒரு தேதி. இந்தியாவிலிருந்தே விண்ணப்பித்து 189, 190 போன்ற நிரந்தர வீசா வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் நுழைவுக்கு ஒரு கெடு இருக்கும். வீசாவில் பெயர் உள்ள ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, அந்தத் தேதிக்குள் ஒருமுறை ஆஸ்திரேலியாவுக்குள் போயாக வேண்டும். மூட்டை கட்டிக் கிளம்ப இன்னும் ஒரு வருடம் ஆகும் என்கிறவர்கள் இதற்காகவே ஒருமுறை போய்த் திரும்புவார்கள். ‘வேலிடேஷன் ட்ரிப்’ என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எப்படியும் போகத்தானே போகிறோம், அப்படியே ஊரையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றும். வீசாவை உறுதி செய்யப் போவது அரை நாள் வேலை. விமான நிலையத்தில் இமிக்ரேஷன் தாண்டினால் முடிந்தது. எந்தப் பேட்டையில் வீடு, எந்தப் பள்ளி, எந்த ரயில் என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே பத்து நாளில் அடைத்தால் ஆபரா ஹவுஸ் முன் எடுத்த போட்டோதான் மிஞ்சும்.

நம் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. குடும்பமே போய்ச் சில நாள் இருந்து வருவது, ஒருவர் மட்டும் மூன்று நான்கு வாரம் தங்கிப் பார்ப்பது, முன்னோட்டமே இல்லாமல் ஒரேயடியாகப் போய் இறங்குவது.

குடும்பத்தோடு போவது

இதன் பெரிய பலம், கெடு பிரச்சினை எல்லோருக்கும் ஒரே தடவையில் தீர்வது. பிள்ளைகளுக்கும் ‘நாம் போகப்போகிற ஊர்’ என்று ஒரு படம் மனதில் விழும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நண்பர்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அழுகிற பிள்ளை, அங்கே ஒரு பூங்காவையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு வந்தால் பாதி சமாதானமாகிவிடும்.

பலவீனம் செலவு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூரோ கோலாலம்பூரோ கொழும்போ போய் மாற வேண்டும். நான்கு பேருக்குப் போகவர டிக்கெட் எடுத்துவிட்டு, அடுத்த வருடம் மறுபடி நான்கு டிக்கெட். பணத்தை விடுங்கள், நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். காலையில் எல்லோரையும் கிளப்பவே பத்து மணி. அதற்குள் வேலைக்குப் போகிற கூட்டம் போய்விட்டது, பள்ளிக்கூட வாசல் ஓய்ந்துவிட்டது. நாம் பார்க்க வந்த ஊர் அன்றைக்குக் கண்ணில் படவே இல்லை.

ஒருவர் மட்டும் போவது

ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதுதான் சரியான வழி. ஒரு டிக்கெட், ஒரு அறை. செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு ரயில் நிலையத்தில் நின்று பார்க்கலாம், இரவு ஒன்பது மணிக்கு அதே தெருவில் நடந்து பார்க்கலாம்.

ஆனால் யார் போவது? பெரும்பாலான வீடுகளில் யோசிக்காமலேயே கணவர் கிளம்பிவிடுகிறார். அவர் நகர மையத்திலிருக்கும் அலுவலகங்களையும் ரயிலையும் பார்த்து, இரண்டு பழைய நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு, “ஊர் சூப்பர்” என்று வந்து சொல்வார். பிறகு அந்த ஊரில் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு பேருந்துக்குக் காத்திருக்கப் போவது மனைவி. என் கருத்து இதுதான்: பள்ளிக்குக் கொண்டுவிடுவது, காய்கறி வாங்குவது, டாக்டரிடம் ஓடுவது என்று அங்கே வீட்டை ஓட்டப்போவது யாரோ, அவர் போய்ப் பார்க்க வேண்டும். அது கணவராக இருந்தால் கணவர். வேலை தேடுகிறவருக்கு எந்தப் பேட்டையும் ஒரு மணி நேர ரயில் பயணம்தான். வீட்டில் இருக்கிறவருக்கு அந்தப் பேட்டைதான் உலகம்.

வேலை விஷயத்திலும் இதற்கு ஒரு லாபம் உண்டு. +91 எண்ணோடு விண்ணப்பம் போட்டால் பல ரெக்ரூட்டர்கள் திரும்ப அழைப்பதே இல்லை. உள்ளூர் எண்ணோடு ஒரு மாதம் இருந்தால், வேலை கிடைக்காவிட்டாலும் நம் படிப்புக்கும் அனுபவத்துக்கும் அங்கே என்ன மதிப்பு என்றாவது தெரியும். இங்கே மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகப்போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முன்னோட்டமே இல்லாமல் போவது

இதைக் கேலி செய்ய வேண்டாம். முன்னோட்டப் பயணத்தில் வீட்டைப் பார்க்க முடியும், எடுக்க முடியாது. அடுத்த வருடம் வரப்போகிறவருக்கு எந்த ஏஜென்டும் இன்றைக்கு வீட்டைப் பிடித்து வைத்திருக்க மாட்டார். கையில் வேலையோடு போகிறவர், நிறுவனமே முதல் மாதத் தங்குமிடம் தருகிறது என்றால், நேராகப் போய் இறங்கி அங்கிருந்தே தேடுவது புத்திசாலித்தனம்.

வேலை இல்லாமல் போகிறவருக்கு நிலைமை வேறு. குறுகிய கால வாடகை வீட்டில் டாலர் கரைந்துகொண்டிருக்கும். அந்தப் பதற்றத்தில் முதலில் கிடைத்த வீட்டுக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டு, இரண்டாம் மாதம் பள்ளி சரியில்லை என்று தெரிந்தால்? நியூ சவுத் வேல்ஸில் ஒப்பந்தக் காலத்தின் கால்பங்கு முடியும் முன் காலி செய்தால் நான்கு வார வாடகை அபராதம். ஒரு முன்னோட்டப் பயணத்தின் விமான டிக்கெட் அதிலேயே அடங்கிவிடும்.

கலந்து செய்வது

மூன்றையும் எடைபோட்டால் எனக்குப் பிடித்தது நான்காவதாக ஒன்று. எல்லோரும் சேர்ந்து போவது, ஒரு வாரத்தில் மற்றவர்கள் திரும்பிவிட, ஒருவர் மட்டும் இன்னும் இரண்டு மூன்று வாரம் தங்குவது. கெடுவும் தீர்ந்தது, பிள்ளைகளும் பார்த்தாயிற்று, ஊர் பார்க்கிற வேலையும் நடக்கும்.

குடியுரிமைக் கணக்கையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அதற்குத் தேவையான நான்கு வருட வசிப்பில் வெளிநாட்டில் இருக்கும் காலம் மொத்தம் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. முதல் நுழைவுக்குப் பிறகு இந்தியாவில் அதிக நாள் இழுத்தடித்தால் அந்தக் கணக்கு தள்ளிப்போகும்.

மே மாதமா, டிசம்பரா?

டிசம்பர் என்றுதான் பலர் சொல்வார்கள். வெயில், கடற்கரை, சிட்னி வாணவேடிக்கை. ஊர் பார்க்க டிசம்பரைப் போல மோசமான மாதம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முன் மூடுகிற அலுவலகங்கள் பல, ஜனவரி 26, ஆஸ்திரேலியா தின விடுமுறை கழிந்துதான் முழு வேகத்துக்கு வரும். பள்ளிகளும் ஜனவரி கடைசி வரை விடுமுறை. நெரிசலே இல்லாத சாலைகளைப் பார்த்து ஏமாந்துபோவோம்.

மே மாதத்தில் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை, அங்கே இரண்டாம் பருவம் நடந்துகொண்டிருக்கும். பள்ளி அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் செய்து கேட்டால் பள்ளியைச் சுற்றிக் காட்டுவார்கள். மெல்பர்னில் குளிரும் எட்டிப் பார்க்கும். அங்குள்ள வீடுகள், குறிப்பாகப் பழைய மர வீடுகள், வெளியில் இருப்பதைவிட உள்ளே அதிகம் குளிர்கிற மாதிரி இருக்கும். இதை ஜனவரியில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. விக்டோரியா மாநில விதிப்படி வாடகை வீட்டின் பிரதான கூடத்தில் பொருத்தப்பட்ட ஹீட்டர் இருக்க வேண்டும். படுக்கையறைக்கு அந்த விதி இல்லை, அதைத்தான் பார்க்க வேண்டும். ஜூன் கடைசியில் அங்கே ஐந்து மணி பத்து நிமிடத்துக்கே சூரியன் மறைந்துவிடும். மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியுமா என்பது அப்போது தெரியும்.

சிட்னி மேற்கா, மெல்பர்னா?

பத்து நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டு நகரங்களையும் தொட வேண்டாம். மூன்று வாரம் இருந்தால் தொடலாம்.

சிட்னியில் தமிழர்கள் தேடிப் போவது வெஸ்ட்மீட், வென்ட்வர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி பக்கம். மளிகைக் கடை, இட்லி மாவு எல்லாம் நடக்கிற தூரத்தில். மேஸ் ஹில் முருகன் கோவில் பக்கத்திலேயே. மின்சார ரயில் நேராக நகர மையத்துக்குப் போகிறது. இதற்கெல்லாம் விலை வாடகையில் இருக்கிறது. அதே வாடகைக்கு மெல்பர்னில் ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கும், சிட்னியில் பழைய அடுக்ககத்தில் ஒரு யூனிட் கிடைக்கும். காரில் போனால் டோல் சாலைகள் வேறு. காசு வாங்க ஆளே இல்லாமல் தானாக ஏறிக்கொண்டே போகும், வாடகைக் காராக இருந்தால் அந்த நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணம் சேர்க்கும்.

மெல்பர்னின் மேற்கில் டார்னீட், பாயின்ட் குக் பக்கம் புது வீடுகள், பெரிய வீடுகள். இணையத்தில் படம் பார்த்தால் உடனே மனம் போய்விடும். நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை இவைதான். பாயின்ட் குக்கில் ரயில் நிலையமே கிடையாது. வில்லியம்ஸ் லேண்டிங் வரை போக வேண்டும், காலையில் அந்தப் பேட்டையை விட்டு வெளியே வருவதற்கே பொறுமை வேண்டும். டார்னீட்டில் நிலையம் உண்டு, ஆனால் அங்கே நிற்பது நகர மின்சார ரயில் அல்ல, ஜீலாங்கிலிருந்து வருகிற வி-லைன் என்ற வெளியூர் வண்டி. வார நாள் காலையில் அதில் ஒருமுறை ஏறிவிட்டு முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏறினால் சொகுசாகத்தான் இருக்கும்.

தென்கிழக்கில் கிளேட்டன், டான்டெனாங் பக்கம் வேறு ரகம். வீடுகள் பழசு, ரயில் வசதி நல்லது. டான்டெனாங்கில் இந்தியக் கடைகள் நிறைந்த ஃபாஸ்டர் தெருவில் இறங்கினால் ஊர் ஞாபகம் வந்துவிடும். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்கும் கார் இருந்தால் எட்டுகிற தூரம். கிளென் வேவர்லிக்கு ஏன் வாடகை அதிகம் என்று கேட்டால் எல்லோரும் அங்குள்ள அரசுப் பள்ளியில் இடம் உறுதியாகும் எல்லைக்கோட்டைக் காட்டுவார்கள். தெருவின் ஒரு பக்கம் உள்ளே, எதிர்ப்பக்கம் வெளியே என்று கோடு போகும் இடங்கள் உண்டு. விளம்பரத்தில் ‘பள்ளிக்கு அருகில்’ என்று போட்டிருப்பதை நம்பாமல் முகவரியைப் பள்ளி எல்லை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

சின்னக் குழந்தை உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விக்டோரியாவில் ஏப்ரல் 30க்குள் ஐந்து வயது நிறைந்தால்தான் அந்த வருடம் பள்ளி. நியூ சவுத் வேல்ஸில் ஜூலை 31. மே, ஜூன், ஜூலையில் பிறந்த குழந்தைக்கு ஊரைப் பொறுத்து ஒரு வருடமே மாறும். அதாவது இன்னொரு வருடம் காப்பகச் செலவு.

பெருநகரங்களுக்கு வெளியே வசிக்க வேண்டிய தற்காலிக வீசாவான 491 வாங்கியவர்களுக்கு இந்த விவாதமே கிடையாது. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றும் அவர்களுக்குக் கணக்கில் வராது. எந்த மாநிலம் நாமினேட் செய்ததோ அங்கே போய், அடிலெய்டோ ஹோபார்ட்டோ, அந்த ஒரு ஊரையே ஆற அமரப் பார்க்கலாம்.

எங்கே தங்குவது?

நகர மையத்தில் ஹோட்டல் வசதிதான். மெல்பர்ன் மையத்தில் டிராம் இலவசம், நாலடி நடந்தால் கடை. ஆனால் நாம் குடியிருக்கப்போகிற ஊர் அது அல்ல. உறவினர் வீட்டில் தங்கினால் செலவில்லை, நம் பான் எண் மாதிரியான வரிக்கோப்பு எண் தபாலில் வரும்போது வாங்கி வைக்க ஒரு முகவரியும் கிடைக்கும். ஆனால் அவர்கள் காரில் அவர்கள் பேட்டையைத்தான் பார்ப்போம். பத்து வருடத்துக்கு முன் அங்கே வீடு வாங்கியவர் அந்தப் பேட்டையைக் குறை சொல்வாரா? முதல் மூன்று நாள் அவர்களோடு இருந்துவிட்டு, அப்புறம் நாம் யோசிக்கிற பேட்டையில் ஒரு அறை எடுப்பது நல்லது.

சனிக்கிழமை காலையை வீட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பதிவு செய்துவிட்டு யார் வேண்டுமானாலும் போகலாம். பதினைந்து நிமிடம்தான் திறந்து வைப்பார்கள். வாசலில் ஏஜென்ட் போனில் பெயரைச் சரிபார்ப்பார், உள்ளே இருபது பேர் ஒரே சமையலறையைச் சுற்றுவார்கள். நீங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள், குளியலறைக் கூரையில் கறுப்புப் பூசணம் இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அடுப்புக்கு மேலே இருக்கிற புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிறதா என்று கேளுங்கள். தாளிக்கிற வீட்டுக்கு அது முக்கியம்.

வாடகை வாரக் கணக்கில் சொல்வார்கள். வாரம் 600 டாலர் என்றால் மாதம் 2,400 என்று பட்ஜெட் போடாதீர்கள். 52 வாரத்தால் பெருக்கி 12ஆல் வகுத்தால் 2,600. அதோடு பாண்ட் என்கிற டெபாசிட் பொதுவாக நான்கு வார வாடகை, முன்கூட்டியே கட்டுகிற வாடகை தனி. வாடகை வரலாறு இல்லாத புதியவரிடம் என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்பதை அங்கேயே ஏஜென்டிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தால், இங்கிருந்து கிளம்பும்போது பழைய வீட்டு உரிமையாளரிடமும் அலுவலகத்திலும் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.