கோரிடோராஸ் தொட்டிக்கு ஆற்று மணல்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் மூன்றடித் தொட்டியில் ஸ்டெர்பாய் கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி மீன் கூட்டம் ஒன்று வளர்கிறது. பாண்டா, பெப்பர்டு வகைகள் குளிர்ந்த தண்ணீர் கேட்கும்; சென்னைச் சூட்டுக்கு ஸ்டெர்பாய்தான் பொருந்துகிறது. தொட்டியோடு வந்த கலர் கிராவலை (சரளைக் கல்லை) எடுத்துவிட்டு, சலித்த ஆற்று மணல் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன.

வித்தியாசம் மீன்களின் நடத்தையிலேயே தெரிந்தது. கிராவலில் மேலாக முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். மணலில் கண் வரைக்கும் முகத்தைப் புதைத்து, வாய் நிறைய அள்ளி, இரையை மட்டும் வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாக வெளியே விடுகின்றன. தென் அமெரிக்க ஆறுகளில் இவை இரை தேடுவதே இப்படித்தான். கிராவல் கல் செவுள் வழியாகப் போகாது. அதனால் கிராவல் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் இந்த மீனுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கிராவல் தொட்டியில் இந்த மீன்களின் மீசை தேய்வதற்குக் கூர்மையான கல்லை மட்டும் குறை சொல்வது போதாது. கிராவல் இடுக்கில் விழுந்த உணவை மீனால் எடுக்க முடியாது. அது அங்கேயே அழுகி பாக்டீரியா பெருகும். மீசை நாள் முழுக்க அந்த அழுக்கில்தான் உரசிக்கொண்டிருக்கும். மணலில் உணவு மேலேயே தங்குவதால் மீன் சாப்பிட்டுவிடும், மிச்சத்தை சைஃபன் குழாயில் உறிஞ்சி எடுத்துவிடலாம். என் மீன்களின் மீசை இன்றும் முழுசாக இருக்கிறது.

எந்த மணல் என்பதில்தான் கவனம் வேண்டும். இப்போது கட்டடச் சாமான் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது எம்-சாண்ட். அது பாறையை உடைத்துச் செய்தது, விளிம்புகள் கூராக இருக்கும், தயவுசெய்து வேண்டாம். ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு உருண்டு மழுங்கியது. ஈர மணலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், குத்தினால் விட்டுவிடுங்கள். கடல் மணலில் கிளிஞ்சல் தூள் இருக்கும், அது தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஎச்சையும் ஏற்றிவிடும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நல்ல ஆற்று மணல் கிடைக்காத ஊரில் நீச்சல் குள ஃபில்டர் மணல் வாங்கலாம். அரை மில்லிமீட்டர் அளவில் ஒரே சீராக இருக்கும், அலசும் வேலையும் குறைவு.

ஆற்று மணலை அலசுவது பெரிய வேலைதான். பக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுவதை விடக்கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினால் போதும். அதிகமாகக் கொட்டினால் அடியில் காற்றுப் போகாமல் முட்டை அழுகிய வாடை கிளம்பலாம். மலேசியன் ட்ரம்பெட் நத்தைகள் மணலைக் கிளறிக் கொடுக்கின்றன, ஆனால் உணவு மிஞ்சினால் அவையும் பெருகித் தள்ளும்.

குறைகளும் உண்டு. கழிவு அப்படியே மேலே தெரியும், வாராவாரம் சைஃபன் பிடிக்க வேண்டும். குழாயை மணலில் குத்தாமல், ஒரு விரல் உயரத்தில் ஆட்டினாலே அழுக்கு மட்டும் வரும். மணல் புகுந்தால் ஃபில்டரின் இம்பெல்லர் (தண்ணீரை இழுக்கும் சுழல் விசிறி) தேயும். அதனால் உறிஞ்சும் வாயை உயரத்தில் வைத்து ஸ்பான்ஜ் மாட்டியிருக்கிறேன்.

செடி விஷயத்தில், மணலில் சத்து கிடையாது. கிரிப்டோகோரைனுக்கு வேர்ப்பக்கம் உர மாத்திரை வைக்கிறேன். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மரக்கட்டையில் கட்டினாலே வளர்கின்றன. தரையில் படரும் கார்பெட் செடி மட்டும் இந்தத் தொட்டியில் நிற்காது, வேர் பிடிப்பதற்குள் மீன்கள் கிளறிப் போட்டுவிடும்.