ஜோடிச் சுற்றுலா என்று 31,500 ரூபாய் போனது: திருகோணமலைக்கு வருகிறவர்கள் காசு போட முன் வாசியுங்கள்

31,500 ரூபாய். இரண்டு பேர், ஒரு நாள். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை திருகோணமலையில் போனது. இன்றுவரை ஒரு சதம் திரும்பி வரவில்லை. இப்போதே எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்த நீண்ட விடுமுறைக்கு அதே படங்களோடு அதே விளம்பரம் போய்க்கொண்டிருக்கிறது. காசு போட முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் ஒழுங்காகத் தருகிறேன்.

பெயரைப் போடவில்லை. சமூக வலைத்தளத்தில் நடக்கிற ஒரு சுற்றுலாப் பக்கம். அலுவலகம் இல்லை, ஒரு போன் நம்பர்தான். விளம்பரத்தில் இருந்தது இது: காலை 6 மணிக்கு பஸ் நிலையத்தில் ஏசி கார், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், காலைச் சாப்பாடு, நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகு, நுழைவுச்சீட்டு, கடலுக்கடி பார்க்கிற நீர்முகமூடி எல்லாம் உட்பட, மதியம் “கடலுணவு விருந்து”, பின்னேரம் கடற்கரையில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு, பனானா போட், கரப்பந்து, கெரம், ஜோடிகளுக்குப் பரிசுப் போட்டி, கடைசியாகக் கோணேசர் கோயில் மாலைப் பூசை.

இந்த ஒழுங்கில் ஒரு பிழையும் இல்லை. வெயில் ஏற முன் கன்னியாவில் வெந்நீர், கடல் அடங்கியிருக்கிற காலையில் புறாமலை, நடை திறந்திருக்கிற நேரத்தில் கோயில். ஊர் தெரிந்த ஆள்தான் எழுதியிருக்கிறார். எது எந்த நேரத்தில் சரி என்று தெரிந்துகொண்டே செய்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நம்பின இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் விழப்போவது அங்கேதான். போனில் கதைத்தவர் முதல் சொல்லிலேயே அக்கா என்றார். “ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அக்கா, நம்மட ஊருக்கு வாற ஆக்களை நம்மட வீட்டு ஆக்கள் மாதிரித்தான் பாப்பம்.” காருக்குள் ஏசி ஓடுகிற வீடியோ வந்தது. வியாபாரப் பதிவுச் சான்றிதழின் படம் வந்தது. பிறகு விலை: “இண்டைக்கு இரவு 10 மணிக்குள்ள முழுக்காசும் போட்டா 31,500. நாளைக்கெண்டா 37,000.” வங்கிக் கணக்கு தனியாள் ஒருவரின் பெயரில் இருந்தது, சான்றிதழில் இருந்த பெயர் வேறு. கேட்டேன். “அது கணக்குப் பாக்கிற தம்பியின்ட பேர்” என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு நிறுத்தியிருக்க வேண்டும். இரவு 9.40க்குப் போட்டேன்.

இன்னொன்று. உறுதிமொழி எல்லாமே குரல் செய்தியில்தான் வந்தது. எழுதி அனுப்பச் சொன்னால் “சொல்லிட்டன்தானே அக்கா.” செய்திகள் 24 மணித்தியாலத்தில் தானாக அழிகிற வசதியை அவர் தொடக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறார். அப்படிப் போட்டால் உரையாடலின் நடுவில் சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும், கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தால் விலையும் இல்லை, வாக்கும் இல்லை, வீடியோவும் இல்லை. மிஞ்சியது 31,500 ரூபாய்க்கான பணமாற்றச் சீட்டு மட்டும்.

இனி அந்த நாள். 6 மணிக்கு வர வேண்டிய ஏசி கார் 9.10க்குப் பழைய வானாக வந்தது. ஏசியில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. கேஸ் முடிந்துபோனது என்றார் சாரதி. காலைச் சாப்பாடு ஆளுக்கு ஒரு மீன் பணிஸ். கன்னியா நகரத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர்தான், ஆனால் போய்ச் சேர 10 மணி தாண்டிவிட்டது. ஏழு கிணறும் சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வாளியால் அள்ளி ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறி மாறி ஊற்ற வேண்டும். விடியற்குளிரில் அது சுகம். 10 மணி வெயிலில், ஒவ்வொரு கிணற்றையும் சுற்றி ஆட்கள் வாளியோடு காத்து நிற்கும்போது, முகம் கழுவத்தான் முடியும். 20 நிமிடத்தில் சாரதி ஹோர்ன் அடித்தார்.

அங்கிருந்து நிலாவெளிக்குத்தான் போக வேண்டும். “படகு ரெண்டு மணிக்குத்தான் போட்டிருக்கு” என்று சொல்லிக் கோயிலுக்குத் திருப்பினார். பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் நிற்கிற பாதையால், கோயில் இருக்கிற சுவாமிமலைக்கு ஏறும்போது 12.30. நடை சாத்தியிருந்தது. வெறுங்காலில் கல் சுட்டது. இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினோம். 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோயில், அந்தக் கல்லைக் கொண்டே கட்டின கோட்டை, இவ்வளவும் ஒரே மலையில் இருக்கிறது. ஆறுதலாகச் சுற்றிப் பார்க்க இரண்டு மணித்தியாலம் வேண்டும். கிடைத்தது அரை மணித்தியாலம்.

சாப்பாட்டை விரிவாகச் சொல்கிறேன், இரண்டாவது கொள்ளை அங்கேதான். உப்புவெளிப் பக்கம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. “விருந்து” என்று வந்தது சோறு, பருப்பு, கத்தரிக்காய், ஒரு துண்டு பாரைப் பொரியல், அப்பளம். விளம்பரப் படத்தில் இருந்த நண்டும் இறாலும் கணவாயும் எங்கே என்று கேட்டதற்கு, “மீனும் கடலுணவுதானே” என்றார்கள். நண்டு வேண்டுமென்றால் தனிக்காசு. பலகையில் “நண்டு 600” என்று மட்டும் இருந்தது. ஒரு கோப்பைக்கா, ஒரு நண்டுக்கா, எத்தனை கிராமுக்கா என்று இல்லை. ஒரு கோப்பைக்கு என்று நினைத்துக் கொண்டு வரச் சொன்னோம். நிறை பார்த்தது எங்கள் கண்முன்னால் இல்லை. பில்லில் 1.2 கிலோ, 100 கிராம் 600 ரூபாய்ப்படி 7,200. அதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம் 720. அந்த மொத்தத்தின்மேல் 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரி 1,425. ஆக 9,345 ரூபாய்.

சட்டிக்குள் மூன்று ஓடுதான் இருந்தது. உள்ளங்கையளவு கடல் நண்டு. ஒன்று 200 கிராம் வருவதே பெரிது. மூன்றும் சேர்ந்து 600 கிராமைத் தாண்ட வழியில்லை, எங்களிடம் வாங்கினது இரண்டு மடங்கு நிறைக்கு. அதிலும் இரண்டில் தண்ணீர்தான் இருந்தது. ஓடு கழற்றிக் கொஞ்ச நாள்தான் ஆன நண்டு அப்படித்தான் இருக்கும், சதை பிடித்திருக்காது. சமைக்க முன் காட்டச் சொல்லி, வயிற்றுப் பக்கத்து ஓட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்; அமிழ்ந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வற் வரியும் அப்படித்தான். அந்த வரிக்குப் பதிந்தவர் மட்டும்தான் அதை அறவிடலாம், பதிவிலக்கம் பில்லில் இருக்க வேண்டும். எங்கள் பில் கொப்பித்தாளில் எழுதினது. இலக்கமும் இல்லை, கடையின் பெயரும் இல்லை.

பிறகு நிலாவெளி வீதியில் ஒரு கருவாட்டுக் கடையில் 40 நிமிடம். நாங்கள் கேட்கவில்லை, சாரதிக்குத் தரகு இருந்திருக்க வேண்டும். புறாமலைக்குப் படகு ஏறுகிற இடத்துக்கு வரும்போது 2.50. அங்கே நின்ற படகுக்காரர்கள்தான் உண்மையைச் சொன்னார்கள். எங்கள் பெயரில் ஒருவரும் படகு பேசியிருக்கவில்லை. காற்றும் ஏறிவிட்டது, இப்போது போனால் தண்ணீர் கலங்கி அடியில் ஒன்றும் தெரியாது, காசை வீணாக்காதீர்கள் என்று அவர்களே மறித்தார்கள். அவர்களுக்கு நன்றி.

இங்கே விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரளவு தூரம்தான். ஆனால் அதற்குக் காசு மூன்று இடத்தில் போகிறது. நுழைவுச்சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு. படகு படகுக்காரருக்கு. முகமூடியும் துடுப்புக்காலணியும் வாடகைக்குக் கொடுக்கிறவருக்கு. அதோடு படகுக்கூலி ஆள்கணக்கில் இல்லை, படகுக் கணக்கில். எட்டுப் பேர் சேர்ந்தால் பிரித்துக் கொடுக்கலாம்; இரண்டு பேர் தனியாகப் போனால் முழுக்கூலியும் அவர்கள் தலையில். ஜோடிப் பொதியில் விற்கிறவருக்குச் செலவு கூடின இடம் இது. அதனால் வெட்டுகிறதும் இதில்தான். நேரத்தைப் போக்கிவிட்டால் போதும், “கடல் சரியில்லை” என்று சொல்லிவிடலாம்.

கடற்கரையில் விளையாட்டு என்றது இன்னும் மோசம். கெரம் போட்டில் வெள்ளைக் காய் 7, கறுப்பு 9, சிவப்பு இல்லை. கரப்பந்தில் காற்று இல்லை. பனானா போட்டுக்கு எஞ்சின் பழுது. பரிசுப் போட்டி என்று கேட்டபோது அங்கே நின்ற பையனுக்கு அப்படி ஒன்றே தெரியாது. கயாக் இருந்தது, அதுதான் பயம். உயிர்காப்பு அங்கி இல்லை. பின்பக்கம் தண்ணீர் வடிக்கிற துளைக்கு அடைப்பானும் இல்லை. அடைப்பான் இல்லாத கயாக் உடனே தாழாது; கொஞ்சம் கொஞ்சமாக அதன் கூட்டுக்குள் தண்ணீர் நிறைந்து பின்பக்கம் இறங்கும், அதற்குப் பிறகு ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்த்த ஏலாது. அன்று கச்சான் காற்று வேறு. தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரையோரம் தட்டையாக, பார்க்க அமைதியாக இருக்கும், ஏறின ஆளை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். என் கணவர் ஏறப் போனார், நான் விடவில்லை. அந்தப் பையனிடம் கயாக்கைத் தூக்கி ஆட்டச் சொன்னேன். உள்ளே தண்ணீர் சளக் சளக் என்றது. அதைத்தான் ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

5 மணிக்கு பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, நேரம் கூடிவிட்டது என்று சாரதி 2,000 கேட்டார். மூன்று மணித்தியாலம் பிந்தி வந்தவர். கொடுக்கவில்லை.

அன்று ஓடின தூரத்தையும் கணக்குப் பார்த்தேன். கன்னியா போய்வர 16, நிலாவெளி போய்வர ஏறக்குறைய 30, நகரத்துக்குள் கொஞ்சம். 50 கிலோமீட்டர். மூன்று நாலு லீற்றர் பெற்றோல். இதற்கு 31,500.

அன்றிரவே அந்த நம்பருக்குப் போன் எடுத்தேன். “சாப்பிட்டீங்களா அக்கா” என்று தொடங்கி, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஞாயிறு: முதலாளி கொழும்பில். திங்கள்: கணக்குப் பார்க்கிற தம்பி லீவு. செவ்வாய்: “படகு போகாததுக்கு நாங்க என்ன செய்யிற? கடல் எங்கட கையிலயா?” படகே பேசவில்லையே என்றேன். லைன் வெட்டுப்பட்டது. புதன்: படகுக் காசு மட்டும், 4,000, “பாத்துச் செய்யலாம்.” வியாழன் கணவரின் போனிலிருந்து எடுத்தபோது வேறொரு குரல்: “முழுநாளும் சுத்திட்டு, சாப்பிட்டுட்டு, இப்ப காசு கேக்கிறது நியாயமா?” வெள்ளி இரண்டு நம்பரையும் தடுத்துவிட்டார்கள். அவர்களின் வலைத்தளப் பக்கத்தில் நான் எழுதின கருத்து பத்து நிமிடத்தில் காணாமல் போனது. கீழே “அருமையான அனுபவம்” என்று இருக்கிற நாலைந்து கருத்துகள் அப்படியே நிற்கின்றன. வங்கியில் கேட்டால், நாங்களே அனுமதித்து அனுப்பின காசை எடுத்தவரின் சம்மதம் இல்லாமல் திருப்ப முடியாது என்கிறார்கள். 31,500 அங்கே, 9,345 கடையில்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் சொல்லிவிட்டேன், எழுத்திலும் அனுப்புகிறேன். பொலிஸ் முறைப்பாடும் போகும்.

வரிசைப்படுத்தித் தருகிறேன் என்றேன், இப்போது அதற்கு நிதானம் இல்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன். முழுக்காசையும் முதலே போடாதீர்கள். கணக்கின் பெயரும் பதிவின் பெயரும் ஒன்றில்லாவிட்டால் ஒரு ரூபாயும் போடாதீர்கள். என்னென்ன உட்பட என்பதை எழுத்தில் வாங்கி, அந்த நிமிடமே திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். புறாமலைக்குப் போகிறீர்களா, முதல் நாளே நிலாவெளியில் படகுக்காரரோடு நேரே பேசி 8 மணிக்கு முன் கரையில் நில்லுங்கள். வாகனம் அரை மணித்தியாலம் பிந்தினால் ஏறாதீர்கள், ஏறினால் அன்றைய நாள் அவர்கள் கையில். நண்டை உங்கள் கண்முன் நிறுக்கச் சொல்லுங்கள். அங்கி இல்லாத கயாக்கில் ஏறவே ஏறாதீர்கள்.

இன்று காலை பார்த்தபோது அந்த விளம்பரத்தில் விலையை 29,900 ஆக்கியிருக்கிறார்கள். முன்பக்கப் படத்தில் அதே நண்டுச் சட்டி. “இன்று இரவு 10 மணி வரை மட்டும்” என்று இருக்கிறது. யாராவது காசு போட இருந்தால் நிறுத்துங்கள்.