கேபினெட்டைத் திறந்து காட்டச் சொல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்

சேலத்தில் குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்காகவும் அவர்களுக்குப் பணம் கொடுக்கும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகன் ஏற்காட்டில் இருக்கிறான். காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் தோட்டத்தில் கணக்கெழுதி அவன் சேர்த்ததும் நான் கொடுத்ததுமாக 52,000 ரூபாய். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனில், பெயர்பெற்ற நிறுவனத்தின் 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். (வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத் தரம்) என்று தெளிவாக இருந்தது. பில்லிலோ ‘கேபினெட், எஸ்.எம்.பி.எஸ். உட்பட’ என்று ஒரே வரி. அந்த ஒரு வரியில்தான் ஏமாந்தோம்.

முதல் மாதம் குறையில்லை. பாடம் படித்தான், படம் பார்த்தான். கனமான கேம் போட்டால் மட்டும் பத்தாவது நிமிடத்தில் திரை இருண்டு எல்லாம் அணைந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வந்தான். கடையில் விண்டோஸை மறுபடி போட்டு 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் முறை, “மலையில் கரண்ட் சரியில்லை தம்பி, யூபிஎஸ் இல்லாமல் ஓட்டினால் இப்படித்தான்” என்று 3,200 ரூபாய்க்கு ஒரு யூபிஎஸ்ஸைத் தலையில் கட்டினார்கள். மழைக்காலத்தில் ஏற்காட்டில் கரண்ட் போவது உண்மை என்பதால் நாங்களும் நம்பிவிட்டோம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் முறை கருகிய வாடை வந்தது. அதன்பின் கம்ப்யூட்டர் உயிர்பெறவே இல்லை. சூரமங்கலத்தில் சர்வீஸ் செய்யும் நண்பரிடம் கொண்டுபோனேன். பக்கத் தகட்டைக் கழற்றியவுடன் அவர் எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கையில் தூக்கிப் பார்த்தார். “இதில் ஒன்றுமே இல்லை” என்றார். கேள்விப்படாத பெயர், ‘500’ என்று கொட்டை எழுத்து. அதன் கீழே இருந்த சிறிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர்.

பெருக்கிப் பாருங்கள். 192 வாட்ஸ்தான். புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான். இதில் போட்டிருந்த ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டுக்கு 132 வாட்ஸ் வேண்டும், ஐ3 12100எஃப் புராசசர் முழு வேகத்தில் 89 வாட்ஸ் வரை போகும். இரண்டும் சேர்ந்தாலே 221. பாடம் படிக்கும்போது இழுவை குறைவு, அதனால் தாங்கியது. கேமில் படுத்துவிட்டது. உண்மையான 550 வாட்ஸ் என்றால் அந்த இடத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும்.

இன்னொரு அநியாயமும் உள்ளே இருந்தது. கார்டுக்கான 8 பின் கேபிள் அந்த எஸ்.எம்.பி.எஸ்ஸில் கிடையாது. ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கான பழைய மோலெக்ஸ் இணைப்பில் ஒரு கன்வெர்ட்டரைச் செருகி ஒப்பேற்றியிருந்தார்கள். மஞ்சள் வயர் உருகி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தது. கார்டு பிழைத்தது, மதர்போர்டு போய்விட்டது. பிள்ளை தூங்கும் அறையில் தீப்பிடித்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

கடைக்குப் போனேன். “எஸ்.எம்.பி.எஸ். எந்தக் கம்பெனி என்று பில்லில் இருக்கிறதா சார்?” என்று திருப்பிக் கேட்டார்கள்.

ஆகவே பில்லில் எஸ்.எம்.பி.எஸ். தனி வரியாக, கம்பெனி, மாடல், சீரியல் எண்ணோடு வர வேண்டும். அதன் காலிப் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள், வாரன்டிக்குத் தேவைப்படும். கேபினெட்டை மூடுவதற்கு முன் லேபிளைப் போட்டோ எடுங்கள். ‘80 ப்ளஸ்’ முத்திரை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைத்தான் அது சொல்லும். மின்னழுத்தம் எகிறினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக அணையும் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள். பணம் போதாவிட்டால் வண்ண விளக்கு ஃபேன்களையும் கண்ணாடி கேபினெட்டையும் விட்டுவிடுங்கள், இதில் மட்டும் குறைக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. கொட்டேஷன் வந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்கவில்லை. உருகிய வயரோடு அந்த எஸ்.எம்.பி.எஸ்ஸையும் பையில் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் மனுவோடு அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.