மறியலுக்குள் தாய்மடியா, வெளியே அம்மம்மா வீடா?

கைப்பிள்ளையோடு இருக்கும் ஒரு தாய்க்கு மறியல், அதாவது சிறைத் தண்டனை விழுந்தால் பிள்ளை எங்கே வளர்வது? இலங்கையில் பொதுவாக ஐந்து வயது வரை தாயோடு சிறையில் இருக்கலாம். இந்தியாவில் 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ஆறு வயது வரை. நோர்வேயில் பிள்ளைகளைச் சிறைக்குள் விடுவதே இல்லை.

எனக்கு வயதுதான் முதல் கணக்கு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறோம்; இரண்டு வயது வரை தொடரச் சொல்கிறோம். அந்தப் பருவத்தில் பிள்ளைக்குச் சுவர் தெரியாது, தாயின் மணமும் குரலும்தான் தெரியும். அப்போது பிரிப்பது, செய்யாத குற்றத்துக்குப் பிள்ளையைத் தண்டிப்பது. ஆகவே அதுவரை தாயோடே இருக்கட்டும். பால், மருந்து, தடுப்பூசி எதிலும் குறை வைக்கக் கூடாது.

இரண்டு, மூன்று வயதில் கதை மாறுகிறது. பிள்ளை பேசப் பழகுகிறது, பார்ப்பதையெல்லாம் கேட்கிறது. மதிலுக்கு வெளியே வாவியில் தோணி போகிறது, மாடு தெருவைக் கடக்கிறது. உள்ளே இருக்கும் பிள்ளைக்குப் பூட்டும் சீருடையும்தான் உலகம்.

இங்கே அம்மம்மா வீட்டுக்கு ஒரு தனிப் பலம் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குத்தான் போகும். தாயின் தாய் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இருப்பார். பிள்ளை அந்நிய வீட்டுக்குப் போகவில்லை. தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போக, அம்மம்மா கையில் வளர்ந்த பிள்ளைகள் இங்கே எத்தனையோ பேர்.

ஆனால் அம்மம்மாவுக்கும் வயது போகும், வருமானம் இருக்காது. தாயை மட்டக்களப்புச் சிறையில் வைத்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போகலாம். கொழும்பில் உள்ள வெலிக்கடைச் சிறைக்கு மாற்றினால்? முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், இரவு முழுக்கப் பயணம். நாளடைவில் பிள்ளை தாயின் முகத்தை மறந்துவிடும். அம்மம்மாவிடம் ஒப்படைப்பதையும் ஒரே நாளில் செய்யாமல், சில கிழமைகள் போய் வரவிட்டுச் செய்ய வேண்டும்.

சிறுவர் இல்லத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். அங்கே அக்கறையாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், சரி. ஆனால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. தாயை இழந்த கையோடு கூடப்பிறந்ததையும் இழக்க வேண்டுமா?

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் வழியைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்: தாயைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவது. கசிப்பு (கள்ளச் சாராயம்) வழக்கில் தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே போகும் பெண்ணால் ஊருக்கு என்ன ஆபத்து? சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை கொடுக்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. சிறுபிள்ளை உள்ள தாய்மாருக்கு இயன்றவரை சிறையல்லாத தண்டனை கொடுக்கும்படி பெண் கைதிகள் பற்றிய ஐ.நா.வின் 2010ஆம் ஆண்டு பாங்கொக் விதிகளும் சொல்கின்றன.

அதனால் வழக்குள்ள தாய்மார் பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் சிறுபிள்ளை இருக்கிறது என்பதைத் தீர்ப்புக்கு முன்பே சட்டத்தரணியிடம் சொல்லி, நீதவானுக்குத் தெரியப்படுத்தச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.