பி.எல்.டி.சி ஃபேன்: கரண்ட் மிச்சம்தான், ஆனால் அந்த ரிமோட்…

என் பி.எல்.டி.சி ஃபேனில் (பிரஷ் இல்லாத டி.சி மோட்டாரை உள்ளிருக்கும் ஓர் எலக்ட்ரானிக் போர்டு ஓட்டும் சீலிங் ஃபேன்) போன போர்டை மாற்றி, அது மறுபடி சுற்ற ஆரம்பித்த கையோடு எழுதுகிறேன். கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின் செலவில் குறை சொல்ல வழியில்லை. பழைய இன்டக்‌ஷன் ஃபேன் முழு வேகத்தில் 70–75 வாட் இழுக்கும். இதற்கு 28–32 வாட் போதும். 40 வாட் வித்தியாசம் என்று வைத்தால், தினம் 12 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் மட்டும் மாதம் 14 யூனிட் மிச்சம். எப்போதாவது ஒரு மணி நேரம் ஓடும் அறையில் மாட்டினால் ஒரு யூனிட் சொச்சம்தான். அங்கே பழையதே இருக்கட்டும். எதிர்பாராத சந்தோஷம் வேறு: வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் குறைவதில்லை, இன்வெர்ட்டரில் ஓடும்போது பழைய ஃபேன் போடும் உறுமல் இல்லை, பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்குகிறது.

இனி ரிமோட். ஒரே ஹாலில் ஒரே மாடல் இரண்டு மாட்டினால், ஒரு பட்டனுக்கு இரண்டும் சேர்ந்து ஆடும். இன்ஃப்ராரெட் ரிமோட் என்றால், வேகத்தை வைத்துவிட்டு ஒன்றின் சென்சார் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டலாம். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு டேப் ஒட்டும் கொடுமையை என்ன சொல்ல! பட்டனை அழுத்தியும் ஃபேன் அசையவில்லையா? ரிமோட் முனையை மொபைல் கேமரா முன் பிடித்து அழுத்துங்கள். பெரும்பாலான கேமராக்களில் ஊதா வெளிச்சம் மினுக்கும். மினுக்கினால் ரிமோட் நல்லது, கோளாறு மேலே. ரிமோட்டில் அணைத்தாலும் போர்டு விழித்துக்கொண்டுதான் இருக்கும்; இழுப்பது சொற்பம், இருந்தாலும் வெளியே போகும்போது சுவர் சுவிட்சையே அணையுங்கள்.

இந்த வகையில் மோட்டார் சுருள் அரிதாகத்தான் போகிறது, முதலில் போவது போர்டு. ஃபேன் அடியோடு செத்துக்கிடந்தால் கோளாறு போர்டுக்குக் கரண்ட் வரும் சப்ளை பக்கம்: ஃபியூஸ், சர்ஜ் (திடீரென எகிறும் வோல்டேஜ்) அடித்த வேரிஸ்டர் என்ற பாதுகாப்பு உறுப்பு, உப்பிய கெப்பாசிட்டர். 'பீப்' சத்தம் வருகிறது, இறக்கை முன்னும் பின்னும் துடிக்கிறது, சுற்றவில்லை என்றால் மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் ஒன்று லூசாக இருக்கலாம், அல்லது போர்டில் மோட்டாரை ஓட்டும் டிரைவர் பகுதி போயிருக்கலாம். பிரேக்கரை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, சில நிமிடம் விட்டு ஃபேனைத் திறவுங்கள். கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். கனெக்டரைக் கழற்றி அழுத்திப் போட்டாலே சில சமயம் சரியாகிவிடும். இல்லையென்றால் அதே மாடலின் போர்டுதான் வேண்டும். ஒயர் எண்ணிக்கை ஒன்றுதானே என்று வேறு மாடல் போர்டைப் போட்டால் மோட்டாரோடு ஒத்துவராது.

போர்டு சீக்கிரம் போக முக்கியக் காரணம் ஒன்று உண்டு. மாட்டுகிறவர் பழைய ரெகுலேட்டரை லைனிலேயே விட்டுவிட்டுப் போவார். ஸ்டெப் ரெகுலேட்டர் (ஒன்று, இரண்டு என்று எண்ணில் நிற்கும் வகை) என்றால் முழு வேகத்தில் பாதகமில்லை, யாராவது திருகும்வரை. டிம்மர் வகையோ (நிற்காமல் வழுக்கிச் சுற்றுவது) முழுதாகத் திருகினாலும் கரண்ட் அலையைக் கொஞ்சம் நறுக்கியே அனுப்பும், போர்டு சூடாகும். எதுவானாலும் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு ஒயரை நேராக இணைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கணக்குப்படி இதுதான் நல்ல ஃபேன். ஆனாலும் அடுத்த அறைக்கு இதே மாடலை வாங்க மாட்டேன். சுவர் ரெகுலேட்டரிலேயே வேகம் மாற்றும் பி.எல்.டி.சி மாடல்களும் வருகின்றன. இரண்டு மூன்று வாட் கூடினாலும் பரவாயில்லை, எனக்கு அதுதான்.